தம்பி திரும்பவும் போதை பாவிக்கத் தொடங்கிட்டான், இனி எங்க கொண்டு போற?

வாவிக்கரை
செவ்வாய், இரவு 10.15

வணக்கம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். ஊர் சின்ன ஊர், ஆர் எண்டு கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். அதால சொந்தப் பெயர் போடல்ல, குறை நினைக்காதீங்க.

தம்பிக்கு 24 வயசு. ஏ.எல். முடிச்சிட்டுக் கொழும்பில ஒரு கடையில நிண்டவன். தூள் எண்டு சொல்ற ஹெரோயின் பழகினது அங்கதான். ஊருக்கு வந்த புறகு ஐஸ் எண்டு சொல்ற மெத்தம்பெட்டமினும் சேர்ந்திட்டு. அம்மாட தாலிக்கொடி, என்ட காப்பு ரெண்டு, அப்பா தோட்டத்துக்கு வச்சிருந்த தண்ணி மோட்டர் எல்லாம் ஒவ்வொண்டாப் போச்சு. போன வருசம் கடன் பட்டு வெளி மாவட்டத்தில ஒரு இடத்துக்கு அனுப்பினம். மூணு மாசம். அங்க மருந்து எண்டு ஒண்டும் இல்ல, விடிய ஒழும்பி ஓடுறது, தோட்டம் கொத்துறது, பிழை விட்டா அடி. எல்லாம் சிங்களத்தில. இவனுக்கு முக்கால்வாசி விளங்கல்ல. வரக்குள்ள உடம்பு வச்சு, முகம் தெளிஞ்சுதான் வந்தான். சரியா 19 நாள். இருபதாம் நாள் ராத்திரி நான் கதவைத் திறக்கக்குள்ள அவன்ட கண்ணைப் பார்த்தே தெரிஞ்சிட்டு.

இன்னொண்டும் சொல்லணும். இந்த ஆடியில மாமாவோட கதிர்காமம் நடந்து போனான். உகந்தையில இருந்து காட்டுக்குள்ள ஆறு நாள், ஒண்டும் தொடல்ல. முதல் ரெண்டு நாளும் வயித்தால போய், மூக்கால ஓடி, படுக்க ஏலாமத் திரிஞ்சானாம். தண்ணி மாறினதால எண்டு மாமா நினைச்சிருக்கார். முருகன் காப்பாத்திட்டார் எண்டு அம்மா நேர்த்திக்கடன் எல்லாம் முடிச்சா. ஊருக்கு வந்து நாலாம் நாள் திரும்பவும் அதேதான். காட்டுக்குள்ள ஏலுமெண்டா ஏன் வீட்டில ஏலாது?

இப்ப வீட்டில ஆளுக்கொரு கதை. அப்பா அதே இடத்துக்குத் திரும்ப அனுப்பச் சொல்றார். மாமா கலியாணம் கட்டி வைக்கச் சொல்றார். பெரியண்ணன் கட்டாருக்கு எடுக்கிறன் எண்டுறார். பக்கத்து வீட்டு மாமி சோத்தில கலக்கிற மருந்துத் தூள் ஒண்டு இருக்கு எண்டு நம்பர் தந்திருக்கா. ஆஸ்பத்திரியில இதுக்கு வைத்தியம் இருக்கா? போனாப் பொலிசுக்குப் போகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. என்னால நித்திரை கொள்ள ஏலாம இருக்கு.

வயல்காரன்
செவ்வாய், இரவு 10.52

அம்பாறைப் பக்கத்தில இருந்து எழுதுறன் மகள். கேட்கக் கோவம் வரும், எண்டாலும் சொல்றன். நீங்க பாவம் பார்க்கிறதாலதான் அவன் திருந்துறான் இல்ல. எங்கட காலத்தில ஒருத்தன் கெட்டுப் போனா வேம்பில கட்டி வச்சு ரெண்டு நாள் பட்டினி போடுவாங்க. மனசு வச்சா விடலாம். மனசில்லாதவனுக்கு என்ன மருந்து குடுத்தும் பிரயோசனம் இல்ல. திரும்பவும் அனுப்புங்க, இந்த முறை ஒரு வருசத்துக்கு.

கடலோரம்
புதன், காலை 6.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கல்முனைப் பக்கம், ஆட்டோ ஓடுறன். அல்ஹம்துலில்லாஹ், தூளை உட்டு அஞ்சு வருசமும் சொச்ச மாதமும். அக்கா, நீங்க எழுதினத வாசிக்கக்குள்ள எங்கட உம்மா எழுதின மாதிரி இருந்திச்சு.

வயல்காரன் ஐயா, மரியாதையோட சொல்றன். என்னையும் கட்டித்தான் வச்சாங்க. வாப்பாவும் சாச்சாவும் சேர்ந்து, அறைக்குள்ள, கட்டில் காலோட. அந்த நாலு நாளும் நான் செத்துப் பிழைச்சன். எலும்புக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், கால் தானா உதைக்கும், கொட்டாவி கொட்டாவியா வரும், குளிரும் வேர்வையும் ஒண்டா வரும். அஞ்சாம் நாள் சரியாகிட்டன். எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. பத்தாம் நாள் திரும்பப் போய்ட்டன். ஏனெண்டா கட்டினது என்ட உடம்பத்தான். பின்னேரம் அஞ்சு மணிக்கு அந்த ஒழுங்கையால போகக்குள்ள என்ட வயிறு தானாப் பிசையத் தொடங்கும். அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லித் தரல்ல.

மறுகா மார்க்கப் பயணமா 40 நாள் ஜமாஅத்ல போனன். பள்ளிவாசல்ல இருந்த அந்த நாள்கள் எனக்கு நல்லம்தான், இல்லெண்டு சொல்ல மாட்டன். தொழுகை இண்டைக்கும் என்னைப் பிடிச்சு வச்சிருக்கு. ஆனா திரும்பி வந்த இடம் அதே ஒழுங்கை, அதே கூட்டாளிமார், அதே போன் நம்பர். உங்கட தம்பிட கதிர்காமக் கதையும் அதுதான் அக்கா. காட்டுக்குள்ள விக்கிறவன் இல்ல, கடன் கேட்கிறவன் இல்ல, ஏசுற ஆளும் இல்ல. நடந்து களைச்சா நித்திரையும் வரும்.

கடைசியா என்னைத் தூக்கி விட்டது ஆஸ்பத்திரிக் கிளினிக். அங்க இருந்த டொக்டர் முதல் நாள் என்னட்டக் கேட்டது, "எப்ப விடப் போறீங்க?" எண்டு இல்ல. "எத்தினை மணிக்குப் பாவிக்கணும் போல வருது?" எண்டு கேட்டார். அண்டைக்குத்தான் ஒராள் என்னட்ட நோயாளிட கேள்வி கேட்டது.

உளநலத் தாதி
புதன், மாலை 7.40

வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் உளநலப் பிரிவில் பல வருடம் வேலை செய்த தாதி. வாவிக்கரை தங்கச்சி, உங்கட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தக் காட்டு விசயம். மாமா தண்ணி மாறினது என்று நினைத்தது தண்ணி மாறினதால வந்தது இல்லை. ஹெரோயின் நின்றால் 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் உடம்பு முறியத் தொடங்கும். கொட்டாவி, மூக்கால் ஓடுதல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றோட்டம், கால் உதைப்பு, நித்திரையின்மை. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு கிழமை பத்து நாளில் அடங்கும். உங்கட தம்பி நடையோடு நடையாக அதைத் தாண்டியிருக்கிறார், அதுவும் மருந்து இல்லாமல். அது லேசான காரியம் இல்லை. அதை அவருக்குச் சொல்லுங்க. வீட்டில் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டீங்க.

அந்த முறிவைத் தாங்கக்கூடியதாக்க மருந்து இருக்கிறது. குளோனிடின் மாதிரி மருந்து கொடுத்து நடுக்கம், வேர்வை, பதற்றத்தைக் குறைப்பார்கள். அது பிரஷரை இறக்கும், அதனால் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வயிற்றோட்டத்துக்கு, நோவுக்கு, நித்திரைக்கு வேறு வேறு மருந்து. ஒரு கிழமை பத்து நாள் வாட்டில் வைத்துச் செய்வது நல்லது, ஓரளவு சுகமானவருக்கு வீட்டில் வைத்தும் செய்யலாம்.

இங்கேதான் எல்லாக் குடும்பமும் வழுக்குவது. அந்தப் பத்து நாளை வைத்தியம் என்று நினைக்கிறார்கள். அது காயத்தைக் கழுவுவது மட்டும்தான், தையல் இனிமேல்தான். நச்சு நீங்கினதும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இனி ஒழுங்கா இரு" என்று சொல்லி விட்டால் பெரும்பாலானவர்கள் திரும்ப விழுவார்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சையால் நிலைக்கிற பலன் குறைவு என்று பல நாட்டு அனுபவம் சொல்கிறது. அந்த மூன்று மாதமும் ஒரு மதிலுக்குள் இருக்க வேண்டும் என்பதில்லை. கிளினிக், கிழமைக்கு ஒருமுறை உளவளத்துணை, வீட்டாரோடு கதைத்தல், ஒரு வேலை என்று ஊரிலேயே நடக்கலாம்.

உளவளத்துணை என்றால் புத்திமதி இல்லை. புத்திமதி அவருக்கு உங்களை விடக் கூடத் தெரியும். எந்த நேரம், எந்த இடம், எந்த ஆள், எந்த மனநிலை அவரை இழுக்கிறது என்று அவரோடு சேர்ந்து ஒரு கொப்பியில் எழுதுவோம். சம்பள நாள் இழுக்கும், அப்பாவோடு சண்டை இழுக்கும், சும்மா இருக்கிற பின்னேரம் இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்த நேரம் என்ன செய்வது என்று பழகிப் பார்ப்போம். ஆசை வந்தால் அலை மாதிரி ஏறி இறங்கும், பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணியும். அந்த அரை மணித்தியாலத்தை எங்கே கழிப்பது என்பதுதான் எங்கட வேலையில் பாதி.

சோத்தில் கலக்கிற தூள்: தயவுசெய்து வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. குடிகாரருக்கு என்று விற்கிறதில் சிலவேளை டைசல்பிராம் இருக்கும். அதைத் தெரியாமல் சாப்பிட்டு மேலே சாராயம் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கி உயிரே போகலாம். வைத்தியர் எழுதி, நோயாளி தெரிந்து ஒப்புக்கொண்டு குடிக்கிற மருந்து அது. தூளுக்கும் ஐஸுக்கும் அதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கலியாணம்: ஒரு பிள்ளையைக் கொண்டு வந்து மருந்தாக்காதீங்க. இதுக்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வாவிக்கரை
புதன், இரவு 9.05

வாசிச்சு அழுதிட்டன் மிஸ். அவன் நடந்தது பெரிய விசயம் எண்டு நாங்க ஒரு நாளும் சொல்லல்ல. கேட்டதெல்லாம் "ஏன் திரும்ப?" மட்டும்தான்.

கிளினிக்குக்கு எப்படிப் போற? டொக்டர்ட கடிதத் துண்டு வேணுமா? பொலிஸ் விசயமும் சொல்லுங்க. அவன் அதுக்குத்தான் பயப்படுறான்.

உளநலத் தாதி
புதன், இரவு 9.50

அரச ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. உங்களுக்குக் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவான ஓபிடிக்குப் போய் "உளநலக் கிளினிக் எந்த நாள்?" என்று கேட்டால் போதும், அங்கிருந்தே துண்டு எழுதித் தருவார்கள். உளநலத்துக்குப் பொறுப்பான வைத்திய அதிகாரி இருந்தால் முதலில் அவரைப் பாருங்க. போக முன் கதைக்க வேண்டும் என்றால் 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும் கேட்கலாம்.

சிகிச்சைக்கு வருகிறவரைப் பொலிசுக்குக் காட்டிக் கொடுப்பது எங்கட வேலை இல்லை. நோயாளி சொல்வது நோயாளிக் கொப்பிக்குள் இருக்கும். சட்டைப் பையில் பொருளோடு வரவேண்டாம் என்று மட்டும் அவருக்குச் சொல்லுங்க.

கச்சேரியடி
வியாழன், மதியம் 1.10

நீதிமன்றத்தோடு தொடர்புள்ள வேலை என்னுடையது. சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் அப்பா "திரும்ப அனுப்பு" என்கிறார்.

இந்த நாட்டில் அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984இல் வந்தது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றியது. அதன்படி ஒருவர் தானாக விரும்பியும் சிகிச்சைக்குப் போகலாம், மருத்துவச் சான்றோடு நீதவான் கட்டளையிட்டும் அனுப்பலாம். தனியார் நிலையம் நடத்துவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே தங்கச்சி, இனி எந்த இடத்துக்கு அனுப்பினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அனுமதிப்பத்திரம் எங்கே? வைத்தியர் எந்த நாளில் வருகிறார்? தமிழில் கதைக்கிற உளவளத்துணையாளர் யார்? மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் காசு கட்டாதீர்கள். சபையின் தங்கியிருக்கும் நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று எங்களுக்குத் தூரத்தில்தான் இருக்கின்றன. அங்கேயும் மொழியை முதலே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனதில் இருப்பதைச் சொல்லி ஆறுகிற வைத்தியத்தை விளங்காத மொழியில் செய்ய முடியாது.

கட்டாய முகாம்களைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூன் கடைசியில் மோதல் நடந்து ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடினார்கள். அதற்குப் பிறகு புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் வந்தபோது உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்னது, திருத்திய பிறகுதான் 2023இல் சட்டமானது. ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012 மார்ச்சிலேயே கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடச் சொல்லிக் கூட்டாகக் கேட்டிருந்தன. நோயாளியை அடைத்து வைத்தால் அடைத்திருக்கும் காலம் முழுக்கப் பாவிக்க மாட்டார். வெளியே வந்த பிறகு என்ன என்பதற்கு அங்கே பதில் இல்லை.

அதே நேரம் தம்பிக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். ஹெரோயின் 2 கிராம், ஐஸ் 5 கிராம், அதற்கு மேல் கையில் இருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை சட்டத்தில் இடம் இருக்கிறது. ஐஸ் அந்தப் பட்டியலில் ஏறியது 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்தால். கடனுக்குப் பொருள் தந்து, "இதைக் கொண்டு போய் அங்க குடு" என்று அனுப்பப்படுகிற பொடியன்மாரைத்தான் நான் கூண்டில் அதிகம் பார்க்கிறேன்.

ஸ்காபரோ மட்டு
வியாழன், இரவு 11.30

நான் ஆரையம்பதி, இப்ப கனடாவில. இங்க என்ட மச்சினன் ஒருத்தர் இதே வழியால வந்தவர், அதால எழுதுறன்.

இங்க தூளுக்கு முதல் வைத்தியமே மாற்று மருந்துதான். மெதடோன் அல்லது புப்ரினோர்பின். ரெண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில சேர்த்திட்டு. மச்சினன் முதல்ல ஒவ்வொரு நாளும் மருந்துக் கடைக்குப் போய் மருந்தாளர் முன்னால நிண்டு குடிக்கணும். சில மாதம் ஒழுங்கா இருந்த புறகு வீட்டுக்குக் கொண்டு போகத் தந்தாங்க. வெறி இல்ல, உடம்பு முறிவும் இல்ல, வேலைக்குப் போவார். நாங்க முதல்ல ஏசினம், "ஒரு போதைக்கு இன்னொரு போதை" எண்டு. நாலு வருசமாகப் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போறார், இப்ப ஒருத்தரும் ஏசுறதில்ல. சீனி வருத்தக்காரருக்கு இன்சுலின் குடுக்கக்குள்ள நாங்க ஏசுறமா?

இந்தியாவிலயும் புப்ரினோர்பின் குடுக்கிறாங்க. சென்னையில சாந்தி ரங்கநாதன் அம்மா 1980இல் தொடங்கின டி.டி.கே மருத்துவமனை தமிழிலேயே இந்த வைத்தியம் செய்யிற இடம், குடும்பத்தையும் சேர்த்து இருத்திக் கதைப்பாங்க. எங்கட கிழக்குக்கு அப்படித் தமிழில ஒரு தங்கு நிலையம் வேணும். வெளிநாட்டில இருக்கிற நாங்க கோயிலுக்குக் கோபுரம் கட்டுற காசில கொஞ்சம் இதுக்கும் வரலாம் எண்டு என்ட மனசில கன நாளா இருக்கு.

கட்டாருக்கு அனுப்புற கதையை மட்டும் விடுங்க அக்கா. அங்க இதுக்குப் பிடிபட்டா உங்களால ஒண்டும் செய்ய ஏலாது.

ஒரு மனைவி
வெள்ளி, காலை 10.45

ஐஸைப் பத்தி ஒருத்தரும் சொல்லல்ல. என்ட அவர் அதுதான் பாவிச்சார். மூணு நாலு நாள் நித்திரை இல்ல, கூரைக்கு மேல ஆள் நிக்குது எண்டு டோர்ச் அடிச்சுப் பார்ப்பார். நான் போன்ல கதைச்சா ஆரோட எண்டு சந்தேகம். ஒரு நாள் கத்தியோட நிண்டார். நான் பிள்ளைகளக் கூட்டிட்டு உம்மா ஊட்ட போயிட்டன். இப்ப கிளினிக் போறார், அஞ்சு மாதம். நல்லா இருக்கார், ஆனா எந்த நேரமும் சுருண்டு படுத்தே கிடக்கிறார், ஒண்டிலயும் ஆசை இல்ல. இது மருந்தாலயா, மனசாலயா?

உளநலத் தாதி
வெள்ளி, இரவு 8.15

தங்கச்சி, நீங்க பிள்ளைகளோடு வெளியே போனது சரி. கத்தி கையில் இருக்கும்போது பொறுமை காட்டக் கூடாது. அந்த மாதிரி நேரத்தில் 1990 அம்புலன்சும் இருக்கிறது, காசில்லை.

ஐஸுக்கு மாற்று மருந்து இல்லை. குரல் கேட்பது, சந்தேகம் போன்றவற்றுக்கு வைத்தியர் சில காலம் மருந்து தருவார், நித்திரைக்கும் மனச்சோர்வுக்கும் பார்ப்பார். மற்றது எல்லாம் பழக்கத்தை மாற்றுகிற வைத்தியம்தான். அதில் மிக நன்றாக வேலை செய்கிற முறை ஒன்று கேட்கச் சின்னப்பிள்ளை விசயம் மாதிரி இருக்கும்: சிறுநீர்ப் பரிசோதனையில் பாவிக்கவில்லை என்று வருகிற ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பரிசு, அடுத்தடுத்துப் பெருகிக்கொண்டு போகும். மூளை சந்தோசத்தை மறந்து போயிருக்கிறது. அதுக்குச் சின்னச் சின்னதாகத் திரும்பப் பழக்க வேண்டும். வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிழமை நல்லா இருந்தால் அவருக்குப் பிடித்த கறி, ஒரு மாதத்துக்குப் பாசிக்குடா போய் வாறது.

அவர் சுருண்டு கிடப்பது ஐஸ் விட்டுப் போன வெற்றிடம். ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும், மெல்ல மெல்ல நிரம்பும். ஆனால் "செத்தால் நல்லம்" என்ற கதை ஏதும் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்க. ஐஸ் விட்டவர்களில் எனக்கு மிகப் பயமான கட்டம் அதுதான்.

போதைக்குளிசை பாவிக்கிறவர்களின் வீட்டாரும் இதை வாசிப்பீங்க. பிரிகபலின் மாதிரியான குளிசையை ஒரேயடியாக நிறுத்த விடாதீங்க, வலிப்பு வரலாம். வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார்.

வயல்காரன்
சனி, இரவு 12.20

நாலு நாளா எல்லாத்தையும் வாசிக்கிறன். முதல்ல எழுதினதுக்கு அந்தப் பிள்ளையும் கல்முனைத் தம்பியும் என்னை மன்னிக்கணும்.

மிஸ், எனக்கு 58 வயசு. இருபத்தைஞ்சு வருசமா ஒவ்வொரு நாளும் சாராயம், அது இல்லாத நாள் கசிப்பு. விடியக் கை நடுங்கும், கால் போத்தில் உள்ளுக்குப் போனாத்தான் மண்வெட்டி பிடிக்க ஏலும். மனசு வச்சா விடலாம் எண்டு ஊருக்கெல்லாம் சொல்ற நான் மூணு தரம் விட்டுப் பார்த்தன். மூணாந் தரம் ரெண்டாம் நாள் ராத்திரி வளவுக்குள்ள பாம்பு நெளியுது எண்டு கத்தினனாம். இந்த வெள்ளாமை வெட்டு முடிய விடலாம் எண்டிருக்கன். வீட்டிலயே இருந்து விடலாமா?

உளநலத் தாதி
சனி, காலை 6.05

ஐயா, விடிய எழும்பினதும் உங்கட பதிவைத்தான் பார்த்தேன். வீட்டில் தனியாக விடாதீங்க. தூளை நிறுத்தினால் உடம்பு படும் பாட்டைத் தாங்க முடியாது, ஆனாலும் பெரும்பாலும் உயிருக்கு மோசம் வராது. நீண்ட காலக் குடியைத் திடீரென்று நிறுத்துவது அப்படி இல்லை, உயிரை எடுக்கும். 6 மணித்தியாலத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் நீங்க பார்த்த பாம்பு வரும். அது பேயும் இல்லை, விசரும் இல்லை, ஆபத்தான ஒரு மருத்துவ நிலை. வாட்டில் வைத்து டயசிபாம் மாதிரி மருந்தைக் கணக்காகக் கொடுத்துக் குறைப்பார்கள், தயமின் என்ற விற்றமின் ஊசி போடுவார்கள். பிறகு ஆசையைக் குறைக்கிற மருந்தும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேரும் வரைக்கும் திடீரென்று நிறுத்த வேண்டாம். முந்தி பாம்பு கண்டதை வைத்தியருக்குக் கட்டாயம் சொல்லுங்க. வெட்டு முடியும் வரை ஏன் ஐயா காத்திருக்க வேணும்?

கடலோரம்
சனி, காலை 7.30

ஐயா, நீங்க எழுதினதுதான் பெரிய விசயம். மன்னிப்பெல்லாம் வேணாம், நீங்க என்ட வாப்பா மாதிரி.

வாவிக்கரை அக்காக்கு ஒண்டு சொல்லாமப் போக ஏலாது. என்னோட ஒண்டாத் திரிஞ்ச கூட்டாளி ஒருத்தன் ஆறு மாதம் உள்ள இருந்திட்டு வந்தான். வந்த அண்டு ராத்திரியே பழைய அளவை எடுத்தான். உடம்பு அந்த அளவை மறந்து போயிருந்திச்சு. விடிய மையத்து. வெளிய வந்த முதல் ரெண்டு கிழமைதான் ஆகக் கூடின ஆபத்து எண்டு டொக்டர் மறுகாச் சொன்னார். அத முதலே ஆரும் அவன்ட உம்மாக்குச் சொல்லியிருந்தா அவன் இண்டைக்கும் இருந்திருப்பான் எண்டு எனக்கு ஒவ்வொரு ஜனாஸாவிலயும் நெனப்பு வரும். மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, எழுப்பினா எழும்பாட்டி நித்திரை எண்டு விட்டுடாதீங்க. சரிச்சுப் படுக்க வச்சு 1990க்கு அடிங்க.

தம்பி விருப்பம் எண்டா நான் அவரோட கதைக்கிறன். புத்தி சொல்ல இல்ல, சும்மா கதைக்க.

வாவிக்கரை
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

எல்லாருக்கும் சொல்லணும் எண்டு இருந்தன், நேரம் கிடைக்கல்ல.

முதல்ல அவனுக்கிட்டப் போய் மிஸ் சொன்னதைச் சொன்னன். "காட்டுக்குள்ள நீ நடந்தது லேசான விசயம் இல்லயாம்" எண்டு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். "அந்த ரெண்டு நாளும் செத்திருவன் எண்டு நினைச்சன் அக்கா, மாமாக்குத் தெரியக் கூடாதெண்டு பின்னால பின்னால நடந்தன்" எண்டான். புறகுதான் கிளினிக்குக்கு ஓம் எண்டான். அப்பா மூணு நாள் முகம் குடுக்கல்ல. கச்சேரியடி அண்ணன் எழுதின மூணு கேள்வியையும் வாசிச்சுக் காட்டினன், அந்தப் பழைய இடத்தில மூணுக்கும் பதில் இல்ல எண்டு அவருக்கே தெரியும். மறுகா ஒண்டும் சொல்லல்ல.

எட்டு நாள் வாட்டில இருந்தான். இந்த முறை உடம்பு முறிஞ்சது, எண்டாலும் கத்துற அளவுக்கு இல்ல. வீட்டுக்கு வந்து போன் நம்பரை மாத்தினம். கொழும்புக் கூட்டாளிமாருக்குக் குடுக்க வேண்டிய 18 ஆயிரத்தைப் பெரியண்ணன் கட்டார் விசாவுக்கு வச்சிருந்த காசில குடுத்து முடிச்சிட்டார். அதுதான் கன பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கு. இப்ப மாமாட மீன்வாடியில வலை பொத்துறான். சம்பளத்தை அவனே கேட்டு என்ட கையில தரச் சொல்லியிருக்கான்.

பன்னிரண்டாம் நாள் விழுந்தான். மறைக்கல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு என்ட அறைக் கதவைத் தட்டி, "அக்கா, பாவிச்சிட்டன்" எண்டு நிண்டான். எனக்கு ஏச வாய் வந்திட்டு. ஏசல்ல. தேத்தண்ணி ஊத்திக் குடுத்து விடியும் வரைக்கும் ரெண்டு பேரும் குந்திக்கொண்டு இருந்தம், மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தன். விடியக் கிளினிக் நாள் இல்ல, எண்டாலும் போனம். டொக்டர் ஏசல்ல, கொப்பியில எழுதினார். எங்க, எத்தினை மணிக்கு, ஆரோட எண்டு கேட்டார். பழைய கூட்டாளி ஒருத்தன் வாடிக்கே தேடி வந்திருக்கான். இப்ப மாமா வாடிப் படலையில நாயைக் கட்டியிருக்கார்.

அதுக்குப் புறகு ஒம்பது நாள் ஆகுது. அம்மா நாளை எண்ணாதே எண்டுறா, நான் எண்ணுறன்.

வயல்காரன் ஐயா எப்படி?

வயல்காரன்
ஞாயிறு, இரவு 10.10

வாட்டில இருந்துதான் எழுதுறன் மகள். ஆறாம் நாள். வெள்ளாமையை மருமகன் வெட்டுறான். கை நடுக்கம் குறைவு, இத நானே அடிக்கிறன். தம்பியைக் கேட்டதாச் சொல்லுங்க.

கடலோரம்
ஞாயிறு, இரவு 10.25

அக்கா, அடுத்த கிளினிக் எண்டைக்கு? கல்முனையில இருந்து நான் ஆட்டோவில வாறன், களுவாஞ்சிக்குடிச் சந்தியில தம்பியை ஏத்திட்டுப் போறன். காசு கீசு எண்டு கதைக்க வேணாம். பஸ்ஸில தனிய வாற வழியில என்னென்ன இடம் இருக்கெண்டு எனக்குத் தெரியும்.

வாவிக்கரை
ஞாயிறு, இரவு 10.31

புதன்கிழமை தம்பி. ஏழு மணிக்கு நிப்பான், நானும் வாறன்.